பிரியாணி நேரத்தில் லாக் அவுட் செய்தோம், ஒன்றேகால் மணிக்கே உடைந்துவிட்டது. அடுத்து என்ன?

வியாசர்பாடி ரைடர்:

வணக்கம். சாப்பாட்டு டெலிவரியில் நான்கு வருடமாக ஓடுகிறேன். அதற்கு முன்னால் பெரியமேட்டில் ஒரு தோல் பை பட்டறையில் தையல். வயது 36, இரண்டு பிள்ளைகள். வண்டி சொந்தம், டியூ முடிந்து ஆறு மாதம் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சட்டை கலரையும் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆப்பைத் திறந்தால் ரேட் கார்டு மாறியிருந்தது. எங்கள் ஸோனில் ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 30 ரூபாய் வரும், அது 23 ஆகிவிட்டது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. "அதிகம் சம்பாதிக்கப் புதிய வழி" என்று பட்டாசு வெடிக்கிற படத்தோடு ஒரு நோட்டிபிகேஷன் வந்தது, அவ்வளவுதான். பட்டறையில் கூலியைக் குறைத்தபோதுகூட முதலாளி எதிரே வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டாவது சொன்னார்.

பெரம்பூரில் பிரியாணிக் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. ஆர்டர் விழுகிற வரை அங்கேதான் நிற்போம். அங்கே மூன்று பேர் பேசி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். நான்கே நாளில் 186 பேர். மூலக்கடை, கொளத்தூர், அயனாவரம், புளியந்தோப்பு என்று முகமே பார்க்காத பசங்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். ஞாயிறு மதியம் 12 முதல் 3 வரை அத்தனை பேரும் லாக் அவுட் என்று முடிவு. ஞாயிறு மதியம் வடசென்னையில் பிரியாணி போய்ச் சேரவில்லை என்றால் சும்மாவா? குரூப்பில் கட்டை விரலும் நெருப்புமாக விழுந்துகொண்டே இருந்தது.

சனி இரவு பத்தரைக்கு குரூப்பின் ஸ்கிரீன்ஷாட் டீம் லீடர் கைக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது பேருக்கு ஐடி பிளாக். சப்போர்ட் சாட்டில் கேட்டால் ஒன்பது பேருக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில்: விதிமுறை மீறல். என்ன விதி, எங்கே மீறினோம் என்று கேட்டால் "உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரம் நீட்டுகிறது.

அப்படியும் ஞாயிறு 11.50-க்கு டீக்கடையில் ஐம்பது பேர் நின்றோம். பன்னிரண்டே காலுக்கு எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அடித்தது. எங்கள் ஸோனுக்கு மட்டும் ஆர்டருக்கு 40 ரூபாய் எக்ஸ்ட்ரா, மூன்று மணி வரை. ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. சுகர் மாத்திரை போடணும், வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன் என்று ஒருவன் ஹெல்மெட்டை மாட்டினான். அரை மணி கழித்து எதிர்க் கடை வாசலில் பார்சலோடு நின்றான். என்னைப் பார்த்ததும் வண்டிப் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தான். ஒன்றேகாலுக்குக் கணக்குப் பார்த்தால் 12 பேர். அதில் நான்கு பேர் ஐடி பிளாக் ஆனவர்கள். அவர்களுக்குப் போக வழியில்லை, அதனால் இருந்தார்கள்.

இப்போது என் கேள்வி. வாட்ஸ்அப்பை விட்டு டெலிகிராம், சிக்னல் என்று போனால் பாதுகாப்பா? சங்கமாகப் பதிவு செய்ய முடியுமா? இன்னொன்று, எங்கள் ஸோனில் வடமாநிலப் பசங்கள் நிறைய. குரூப்பில் அவர்களில் ஒருவன்கூட இல்லை. ஞாயிறு ஆர்டரை எல்லாம் தூக்கியது அவர்கள்தான். அவர்களை என்ன செய்வது?

---

நைட் ஷிப்ட் கோடர்:

அண்ணா, நான் வேலை செய்வது சாப்பாட்டு ஆப்பில் இல்லை. சரக்கு வண்டிகளுக்கு லோடு பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். ஆனால் உள்ளே ஓடுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஆப் மாற்றுவது. அழிந்துபோகும் மெசேஜ் எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் குரூப்பை யாரும் ஹேக் செய்யவில்லை. உள்ளே இருந்த ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். முகம் தெரியாத 186 பேர் எந்த ஆப்பில் இருந்தாலும் அது நடக்கும்.

அப்புறம் அந்த 40 ரூபாய். எவரோ மேலே உட்கார்ந்து உங்கள் ஸ்டிரைக்கை உடைக்க முடிவெடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். எடுத்திருக்கலாம், ஆனால் தேவையே இல்லை. ஸோனில் ஆன்லைனில் இருக்கும் ஆள் குறைகிறது, காத்திருக்கும் ஆர்டர் ஏறுகிறது. ஒரு அளவைத் தாண்டினால் எக்ஸ்ட்ரா காசு தானாக விழும். அதற்கும் ஆள் வரவில்லை என்றால் பக்கத்து ஸோன் ஆட்களுக்குக் காட்டும். அதற்கும் வரவில்லை என்றால் வாடிக்கையாளர் திரையில் அந்தக் கடையையே மறைத்துவிடும். இதெல்லாம் மழை நாளுக்காக எழுதுவது. நான் எழுதியிருக்கிறேன். மழைக்கும் ஸ்டிரைக்குக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் மூன்று மணி நேரம் அதற்கு ஒரு நல்ல மழை, அவ்வளவுதான். எப்போது ஆரம்பித்து எப்போது முடியும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பெய்த மழை.

2023 ஏப்ரலில் டெல்லி, குருகிராம் பக்கம் பிளிங்கிட் ரைடர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆர்டருக்கு 25 ரூபாய் என்றிருந்த அடிப்படைத் தொகையை 15 ஆக்கியதற்காக. பல கடைகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. ஏன் உறைத்தது? மளிகை டெலிவரியில் எல்லா ரைடரும் ஒரே குடோன் வாசலில் காத்திருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்துவிட்டால் சரக்கு வெளியே வராது. பக்கத்து ஸோன் ஆளை இழுத்தாலும் அவனும் அதே வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும், வந்தால் உங்களோடு பேசியாக வேண்டும். உங்களுக்கு வாசல் நானூறு ஓட்டல். அதில் எந்த வாசலில் ஞாயிறு ஆர்டர் குவிகிறது என்று உங்களுக்கே தெரியும், டீக்கடையை அதற்கு எதிரேதான் பிடித்திருக்கிறீர்கள்.

உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐடி கம்பெனிகளுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் கிடையாது, சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் ஆபீஸில் போன வருடம் ஒரே வாரத்தில் நாற்பது பேரிடம் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கினார்கள். நாங்கள் என்ன செய்தோம்? போனவர்களுக்கு லிங்க்ட்இனில் பாராட்டு எழுதினோம். "நாமெல்லாம் லேபரா மச்சி?" என்று கேண்டீனில் ஒருவன் கேட்டான். பதில் சொல்லாமல் காபியைக் குடித்தவர்களில் நானும் ஒருவன்.

---

நியாயம் 67:

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே. கட்டாயப்படுத்தியா சேர்த்தார்கள்? உங்கள் புண்ணியத்தில் நான் அன்றைக்குப் பிரியாணிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

---

வியாசர்பாடி ரைடர்:

சார், வேறு வேலை பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். பிரியாணி ஆறிப்போனதற்கு மன்னிக்கவும். கொண்டுவந்தவருக்கு அன்றைக்கு 63 ரூபாய் கிடைத்திருக்கும், சந்தோஷமாகத்தான் போயிருப்பார்.

கோடர் தம்பி, மழை என்று சொன்னது நெஞ்சில் தைத்தது. ஆனால் சரி.

---

மூணாவது லைன் அக்கா:

நான் ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட். ஆறு வருடமாக ஏஜென்சி ஹாஸ்டல் வாசம். கேட்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் போன் கிடையாது. ஆரம்பத்தில் அழுகை வரும். அப்புறம் அதுவே எங்களுக்கு வசதியாகிவிட்டது, எப்படி என்று சொல்கிறேன்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி ஹாஸ்டலில் பாக்ஸ்கான் கான்ட்ராக்ட் பெண்களுக்குச் சாப்பாட்டில் விஷமாகி நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனது ஞாபகம் இருக்கும். நான் அப்போது வேறு கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். ராத்திரி முழுக்க வாய்ஸ் மெசேஜ். செத்துட்டாங்க, மறைக்கிறாங்க என்று அழுகைக் குரல்கள். யார் பேசியது என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை. சிகிச்சையில் இருந்தவர்களை அதிகாரிகள் வீடியோ காலில் காட்ட வேண்டியிருந்தது. வதந்தி பொய்தான். ஆனால் சாப்பாடும் தண்ணீரும் படுக்கிற இடமும் அப்படித்தான் இருந்தன, அது பொய்யில்லை. கம்பெனி மூடி, ஜனவரியில்தான் திறந்தது. பொருள் வாங்குகிற ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்திருப்பதாக அறிவித்தது. வார்டன் காதில் வருடக்கணக்காக ஏறாதது அமெரிக்காவில் ஏறிவிட்டது. போன் ஒரே ராத்திரியில் ஆயிரம் பேரை ரோட்டுக்குக் கொண்டுவரும், அதை நான் மறுக்கவில்லை. மறுநாள் காலை யார் யாரோடு நிற்பது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் கதை சின்னது. கம்பெனி பஸ் லேட்டானால் எங்கள் சம்பளத்தில் அரை நாள் பிடிப்பார்கள். பஸ் அவர்களுடையது, டிரைவர் அவர்களுடையவர், பிடிப்பது எங்களிடம். பேச ஆரம்பித்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு வார்டன் போன் போட்டார்: "உங்க பொண்ணு ஆம்பளப் பசங்களோட மீட்டிங்குக்குப் போகுது, பார்த்துக்கோங்க." அவ்வளவுதான். மறுநாள் செய்யாறிலிருந்து அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உங்களுக்கு ஐடி பிளாக் என்றால் எங்களுக்கு அப்பா. ஐடியாவது திரும்பி வரலாம்.

அதற்கு அப்புறம் குரூப்பே வைக்கவில்லை. எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா சீட்டு பிடிப்பார். இருபது பேர், மாதம் ஆயிரம். யார் தவணை தவறாமல் கட்டுவாள், யார் வீட்டில் அண்ணன் குடிப்பான், யாருக்கு அடுத்த மாதம் கல்யாணம், யார் வாய் ஓட்டை என்று அந்த அக்காவுக்கு அத்தனையும் தெரியும். சீட்டுக்காசு வாங்க ரூம் ரூமாகப் போகும்போதே இதையும் பேசினார். வார்டன் பார்த்தாலும் சீட்டுதானே. ஒரு சனிக்கிழமை இருபது பேரும் அவரவர் கையெழுத்தில், அவரவர் வார்த்தையில், பஸ் வந்த நேரத்தைத் தேதிவாரியாக எழுதி எச்ஆர் பெட்டியில் போட்டோம். கோஷம் இல்லை, லீடர் யார் என்று கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. போன் இல்லாததால் ஸ்கிரீன்ஷாட்டும் இல்லை. மூன்றாம் வாரம் பிடிப்பு நின்றது. பழைய பிடிப்பைத் திருப்பித் தரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கிளம்பிப் போன 38 பேரைத் திட்டாதீர்கள் அண்ணா. ஒவ்வொருத்தரும் யாருக்கு எவ்வளவு வாராவாரம் கட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?

---

பின்னி மில் பேரன்:

தம்பி, நீங்கள் நிற்கிற பெரம்பூர் எப்பேர்ப்பட்ட இடம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? என் தாத்தா இங்கே இருந்த பின்னி கம்பெனியின் கர்நாடிக் மில்லில் நெசவுக் கண்காணி. நான் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம். நம் நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. அது எங்கே முளைத்தது தெரியுமா? செல்வபதி செட்டியாரின் துணிக்கடையில். அங்கே மில் ஆட்கள் கூடிப் பக்திக் கதை கேட்கிற ஒரு சபை நடந்தது. கதை முடிந்ததும் கஷ்டத்தைப் பேசினார்கள்: மேஸ்திரி அடிப்பது, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதாதது. செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் போய், அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியாவை அழைத்துவந்தார்கள். அவர் பார்சி, இங்கிலீஷில் பேசினார். தமிழில் நெருப்பு மூட்டியவர் திரு.வி.க. மேலே அந்த அம்மா சொன்ன சீட்டும் இந்தச் சபையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

கம்பெனி சும்மா இருக்குமா? 1920-ல் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். ஆட்களைத் தூண்டி ஒப்பந்தத்தை மீற வைத்தார் என்று குற்றச்சாட்டு. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலம். அந்த அடிதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்று.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். 1926 சட்டம் இப்போது மத்திய அரசின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல் அமல். உங்களைப் போல ஆப்பில் ஓடுபவர்களுக்குச் சட்டம் வைத்த கிக் தொழிலாளர் என்ற பெயர் அதில் வராது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில்தான் வருகிறது. அதாவது உங்களுக்கு நலன் உண்டு, பேரம் பேசுவதைப் பற்றிப் பேச்சில்லை. கர்நாடகத்தின் 2025 கிக் தொழிலாளர் சட்டத்தில் காரணத்தை எழுதிக் கொடுத்து, 14 நாள் நோட்டீஸ் தந்துதான் ஆளை நீக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஒன்பது ஐடிக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசியுங்கள். இங்கே தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்காக 2023-ல் அமைத்த நல வாரியம் இருக்கிறது. அதில் எல்லோரும் பதிவு செய்துவிடுங்கள், விபத்துக்கு உதவும். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்ததும் வாரிய உறுப்பினர்களுக்குத்தான்.

நிரந்தரத் தொழிலாளர்களுக்கே பதிவு என்ன பாடு என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் 2024-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்தபோதும் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரலாமா என்றே பெரிய வழக்கு. பதிவுச் சான்றிதழ் வந்தது 2025 ஜனவரியில். ஆகவே காகிதம் கடைசி வேலை.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 1921-ல் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். கருங்காலி என்று எழுதிவிடுவது சுலபம். கையிருப்பும் கடனுக்குக் கடையும் ஊரில் நிலமும் யாரிடம் இருந்தன, யாரிடம் இல்லை என்று எங்கள் ஆட்கள் கேட்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். சங்கம் தோற்றது. வெள்ளைக்கார முதலாளிகள் பிரித்தாண்டார்கள் என்று சொல்வார்கள், பிரித்துத்தான் ஆண்டார்கள். ஆனால் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது, போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. என் தாத்தா ஸ்டிரைக் பக்கம். வயதான காலத்தில் அதைப் பற்றிக் கேட்டால் வேறெதுவும் சொல்ல மாட்டார், "அவங்க வீட்டுக்கு நாங்க ஒரு நாளும் போனதில்ல" என்பார்.

---

வியாசர்பாடி ரைடர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஐயா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். எங்கள் அம்மா வழித் தாத்தா புளியந்தோப்பு. அந்தக் காலத்துக் கதையை எங்கள் வீட்டில் வேறு பக்கத்திலிருந்து சொல்வார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

போன திங்கட்கிழமை எருக்கஞ்சேரியில் வடமாநிலப் பசங்கள் தங்கியிருக்கிற ரூமுக்குப் போனேன். ஆர்டர் இல்லாமல் அந்த மாடிப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. எட்டு பேர், ஒடிசாவும் ஜார்க்கண்டும். எனக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்குத் தமிழ் "அண்ணா, லொகேஷன் தப்பு" அளவுக்கு. உருளைக்கிழங்குக் குழம்பும் சோறும் போட்டார்கள்.

அன்றைக்கு ஏன் லாக் அவுட் செய்யவில்லை என்று கேட்டேன். ஒருவன் கீழே நிற்கிற மின்சார வண்டியைக் காட்டினான். வாடகை வண்டி. நாளுக்கு 240 ரூபாய், ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஆப்பிலேயே கழித்துக்கொள்வார்கள். கட்டாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே லாக் ஆகிவிடும், தூரத்திலிருந்தே செய்வார்கள். எட்டு பேரில் மூன்று பேருக்குச் சொந்த ஐடி இல்லை. இன்னொருவன் ஐடியில் ஓடுகிறார்கள், ஆப் செல்பி கேட்கும்போது மட்டும் அவனைத் தேடி ஓட வேண்டும். ஐடி பிளாக் ஆனால் இரண்டு பேர் சோறு போகும். குரூப்பில் ஏன் சேரவில்லை என்று கேட்டதற்கு, "லிங்க் யாரும் அனுப்பல அண்ணா." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அவர்களில் ஒருவன் தலையணைக்குக் கீழே இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தான். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு ஆர்டரும்: தேதி, கடை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை ரூபாய். ஒடியாவில் எழுதியிருந்தாலும் எண்கள் புரிகிறதே. என் போனில் இருந்த கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஞாயிறு, ஒரே கடை, ஒரே கொளத்தூர், இருவருக்கும் நாலரை கிலோமீட்டர். எனக்கு 41, அவனுக்கு 34. என்னைவிட அவனுக்குக் குறைவு என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் நோட்டை மூடவே இல்லை, அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று புரட்டிக்கொண்டே இருந்தான்.

இப்போது பதினான்கு பேர் நோட்டு போடுகிறோம். ஐடி பிளாக் ஆன ஒன்பது பேரில் ஐந்து பேருக்குத் திரும்ப வந்தது, காரணம் சொல்லவில்லை. மீதி நான்கு பேர் வேறு சட்டை மாட்டிவிட்டார்கள். சுகர் மாத்திரைக்காரனும் நோட்டு போடுகிறான். அவனுக்கு நிஜமாகவே சுகர்.

ஏரியா ரைடர்கள் யாராவது படித்தால்: வியாழன் மதியம் மூன்றரை மணி, அண்ணா நகரில் மாநகராட்சி நமக்காகத் திறந்த ஏசி கூடம். உள்ளே 25 பேர்தான் உட்கார முடியும், அதனால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே மரத்தடிக்கு வந்துவிடுங்கள். நோட்டை மறக்காதீர்கள். டீக்காசு அவரவருடையது.